கை கிளச் வைத்த பிளஷர்

சமீபத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடைவை எடுப்பதற்காகத் திருச்சிக்குப் போயிருந்தபோது, பாலக்கரைப் பக்கம் ஒரு குஷன் கடையைத் தாண்டிக்கொண்டு நடக்க நேர்ந்தது. கடை வாசலிலேயே ஏதோ ஒரு பழைய வண்டியின் ஆசனத்தைப் பிரித்துப் போட்டு, உள்ளேயிருந்த தென்னை நாரைத் தடியால் தட்டி உதறிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் காய்ந்த ரெக்ஸினும், அதன் அடியில் தடவிய பசையும், பல வருஷத்துத் தூசியும் வியர்வையும் ஏறிப்போன நாரும் சேர்ந்து கிளப்பிய அந்த நெடி நாசியில் ஏறியதுதான் தாமதம், "என்ன அத்தை, நின்னுட்டீங்க?" என்று கூட வந்த தம்பி மகள் கையைப் பிடித்து இழுக்கும்படியாக, நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அவளுக்கு என்னவென்று சொல்வது? கார் என்றால் குளிர்சாதனக் காற்றும், கண்ணாடியருகே தொங்கும் அத்தர்க் குப்பியும்தான் அவள் அறிந்த வாசனைகள். ‘பிளஷர்’ என்று ஊரார் சொன்ன எங்கள் வீட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தால் முதலில் இந்த ரெக்ஸின் நெடி வரும். அதற்குப் பின்னால் நிலக்கடலைச் சாக்கின் மண் வாசனை வரும். வண்டி கிளம்பிக் காற்று உள்ளே புகுந்த பிறகுதான் அப்பாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து களிப்பாக்கு வாசனை மெல்ல எழுந்து வரும்.

எங்கள் ஊர் கொடும்பாளூர், திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் விராலிமலைக்குத் தெற்கே இருக்கிறது. சிலப்பதிகாரத்திலே கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் மறையோன், கொடும்பை என்று இந்த ஊரைத்தான் குறிப்பிட்டு, இதைத் தாண்டினால் பாதை மூன்றாகப் பிரியும் என்று எச்சரிக்கிறான். ஆக, பல நூற்றாண்டுகளாகப் பிரயாணிகள் வந்து நின்று வழி கேட்டுப் போகிற ஊர் இது. கோவலனும் கண்ணகியும் கால் நோக நடந்த வழியில், என் தகப்பனாருக்கு நடப்பது ஒன்றுதான் இயலாத காரியமாக இருந்தது.

அப்பா பிறந்தது புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பிரஜையாக. நான்கு வயதில் மூன்று நாள் ஜுரம் அடித்து, ஜுரம் இறங்கியபோது இடது கால் துவண்டுவிட்டது. இளம்பிள்ளை வாதம். 1948 மார்ச்சில் தொண்டைமான் மன்னர் சமஸ்தானத்தை இந்திய யூனியனோடு இணைத்தபோது அவர் அக்குளில் கட்டையை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பையன். அமெரிக்காவில் ஜோனாஸ் சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி 1955-இல் வழக்கத்துக்கு வந்தபோது அவருக்கு மீசை முளைத்துக் கடலைத் தரகில் இறங்கியாகிவிட்டது. வானம் பார்த்த இந்தச் சீமையில் நிலக்கடலைதான் பணப்பயிர். தரகு வியாபாரமோ, ஊர் ஊராகப் போய்க் களத்துமேட்டில் கடலையைக் கையில் அள்ளி உடைத்துப் பார்த்து விலை பேசுகிற வியாபாரம். வில் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். வண்டிக்காரன் துணை இல்லாமல் ஓர் அடி நகர முடியாது என்பது அவரை உள்ளூர அரித்துக்கொண்டே இருந்ததாம், அப்பத்தா சொல்லுவாள்.

அப்படி இருக்கையில்தான் திருச்சியில் ஒரு வக்கீல் வீட்டு அம்பாசிடர் விலைக்கு வந்தது. ‘மார்க் 2’ என்று சொல்லப்பட்ட வகை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஆதாரமாகக் கொண்டு, வங்காளத்திலே உத்தரபாரா என்னும் ஊரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950-களின் இறுதியில் செய்யத் தொடங்கிய வண்டி அது. புதிதாக வாங்க வேண்டுமானால் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். ஆகையால் பழைய வண்டிக்கும் நல்ல கிராக்கி. கால் ஊனமான மனிதர் கார் வாங்குவதைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். டிரைவர் வைத்துக்கொள்வார் என்று எல்லாரும் எண்ணினார்கள். அப்பா வண்டியை நேரே பாலக்கரைக்குக் கொண்டுபோய் ஒரு மெக்கானிக் பாயின் பட்டறையில் விட்டார்.

அந்த வண்டியில் இடது கால் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. ஒன்று, கிளச்சை மிதிப்பது; மற்றொன்று, இரவில் எதிரே வண்டி வரும்போது முன்விளக்கைத் தாழ்த்துவதற்காகத் தரையில் பதித்திருந்த டிம் ஸ்விட்சை அழுத்துவது. இரண்டாவது சுலபம்; ஸ்விட்சை எடுத்து டாஷ்போர்டில் வைத்தாயிற்று. கிளச்தான் பாயின் தூக்கத்தைக் கெடுத்தது. முதலில் புல்லட் மோட்டார் சைக்கிளின் கிளச் ஒயரைக் கோத்துப் பார்த்தார். காரின் கிளச்சை இழுக்கும் பலம் அதற்கு ஏது? ஜங்ஷன் பாலத்து ஏற்றத்தில் ஒயர் அறுந்து, பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். பிறகு விராலிமலைக் கொல்லர் ஒருவரிடம் முழ நீளத்துக்கு ஓர் இரும்பு நெம்புகோல் அடித்து வாங்கி, ஸ்டியரிங் தண்டுக்கு இடப்புறம், கியர்க் கம்புக்குச் சற்றுத் தாழ்வாகப் பொருத்தி, இரண்டு மூட்டுள்ள ஒரு கம்பியால் கிளச்சோடு இணைத்தார்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. கியர் மாற்றுவதும் இடது கைதான், கிளச்சை அழுத்துவதும் இடது கைதான் என்றால் ஒரே சமயத்தில் இரண்டையும் எப்படிச் செய்வது? அதற்காக நெம்புகோலின் பக்கத்தில் ஒரு கொக்கி வைத்தார்கள். நெம்புகோலைக் கீழே அழுத்தினால் கொக்கி ‘டக்’ என்று கவ்விக்கொள்ளும். கை விடுபட்டதும் கியரைப் போடலாம். பிறகு கட்டை விரலால் கொக்கியை நீக்கி, நெம்புகோலை உள்ளங்கையில் தாங்கியபடி மெதுவாக மேலே வரவிட வேண்டும். அந்த மேலே வரவிடுவதில்தான் வித்தை எல்லாம் இருந்தது. சடக்கென்று விட்டால் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். இரும்புப் பிடி வெயிலில் சுடுகிறதென்று எங்கள் ஊர் ஆசாரி கருவேல மரத்தில் ஒரு பிடி கடைந்து கொடுத்தார். நாளடைவில் அப்பாவின் உள்ளங்கை பட்டுப் பட்டு அந்தப் பிடியில் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகி, எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. அப்பாவின் கால் இடையில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கிளச் பெடலின் மிதி தகட்டையே அறுத்து எடுத்துவிட்டார்கள். கதவின் உட்புறத்தில் கைவைக்கும் கட்டையைக் கழற்றிவிட்டு, ஊன்றுகோலைச் செருகி வைக்க இரண்டு தோல் வார்கள் தைத்தார்கள்.

வண்டி தயாராகிவிட்டது, லைசென்ஸ் ஆகவில்லை. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், உடற்குறை உள்ளவர்களின் வாகனம் என்று ஒரு வகையைக் குறிப்பிட்டிருந்தது வாஸ்தவந்தான். ஆனால் அது அப்படிப்பட்டவருக்கென்றே விசேஷமாக வடிவமைத்துக் கட்டிய வண்டியாக இருக்க வேண்டும்; சாதாரண வண்டியை வாங்கி மாற்றிக்கொண்டால் போதாது என்று அந்தச் சட்டமே தெளிவாகச் சொல்லியது. அப்படிக் கட்டிய வண்டியை அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தில் எவன் கண்டான்? ஓர் அலுவலகத்தில் உத்தியோகஸ்தர் இதைக் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "சட்டத்துக்கு என் காலைத் தெரிஞ்சிருக்கு, கையைத் தெரியலை" என்று அப்பா சொன்னதை வெகுநாள் வரையில் ஊரில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பின் வந்த அதிகாரி வேறு மாதிரியான மனிதர். பேசாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்து, மைதானத்தில் எட்டுப் போடச் சொல்லி, பின்பக்கமாக ஓட்டச் சொல்லி, சந்தைக்கடைத் தெருவுக்குள் நுழைந்து வரச் சொல்லி, இறங்கும்போது, "குழந்தைகளை ஏத்திக்கிட்டுப் போறப்போ மட்டும் கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். 1988-இல் வந்த புதிய சட்டமும் பழைய வரையறையையே ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. உடற்குறை உள்ளவருக்காக மாற்றியமைத்த வண்டியையும் அந்த வகையில் சேர்த்துக்கொண்ட திருத்தம் வந்தது 2019-இல். அதற்குள் அப்பா காலமாகிவிட்டார். ஐம்பது வருஷம் சட்டத்துக்குப் புரியாத ஒரு வண்டியில், ஒரு மாட்டின்மீதுகூட மோதாமல் ஓட்டிவிட்டுப் போனார்.

வண்டி வந்த பிறகு அப்பாவின் நடையே மாறிவிட்டது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான். அவர் வருவதை இப்போது கட்டை ஊன்றும் சப்தத்தால் அல்ல, வண்டியின் பாம் ஹாரன் சப்தத்தால் அறிந்தார்கள். களத்துமேட்டில் வண்டிக்குள் இருந்தபடியே கையை நீட்டிக் கடலை வாங்கி உடைத்துப் பார்ப்பார். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேருக்கு, அந்தத் தரகருக்கு ஒரு கால் ஊனம் என்பதே தெரியாது. என் கல்யாணப் பேச்சின்போது வந்த ஒரு சம்பந்தி, அவர் இறங்கி வந்து வரவேற்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, பிறகு விஷயம் தெரிந்து வெட்கப்பட்டுப் போனார்.

ஊருக்கும் அது பொது வண்டியாகிவிட்டது. ராத்திரி வேளையில் பாம்புக்கடி, பிரசவ வலி, வயிற்றுப்போக்கு எதுவானாலும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் வந்து நிற்பார்கள். ஒரு சமயம் மணப்பாறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போகிற வழியிலேயே ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகிவிட்டது. அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கட்டையை ஊன்றி இறங்கி, டார்ச் விளக்கை மட்டும் பின்பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்து முதுகைக் காட்டியபடி நின்றாராம். உள்ளே அப்பத்தாதான் மருத்துவச்சி. பிறந்த பையனுக்குத் தாய் தகப்பன் முறைப்படி ஒரு பெயர் வைத்தார்கள். அது பள்ளிக்கூட ரிஜிஸ்தரோடு சரி. ஊரில் அவன் பெயர் ‘பிளசர்’. இப்போது அவனுக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது, இன்னும் ‘பிளசர்’தான்.

அந்த இரவுக்குப் பிறகுதான் அப்பா பாலக்கரைக் குஷன் கடைக்கு வண்டியைக் கொண்டுபோய், பின் ஆசனத்தின் சாய்மானத்தைக் கீல் வைத்து மடக்கும்படி செய்தார். மடக்கினால் டிக்கி வரையில் கட்டில் மாதிரி ஒரே சமதளமாகிவிடும். ஓர் ஆளை நீட்டிப் படுக்கவைக்கலாம். கழுவுவதற்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று துணியை எடுத்துவிட்டு மெரூன் நிறத்து ரெக்ஸின் தைக்கச் சொன்னார். பின்னால் எடை ஏறினால் வண்டி தணிகிறதென்று ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். பெட்ரோல் விலை ஏற ஏற, ஒரு கட்டத்தில் இன்ஜினையே கழற்றிவிட்டு மெட்டடார் வேனின் டீசல் இன்ஜினை வைத்தார். அப்போது பலரும் செய்துகொண்ட காரியந்தான் அது. ஆனால் அதற்கான கிளச் கனமாகிவிட்டதால் நெம்புகோலை நான்கு விரற்கடை நீட்ட வேண்டி வந்தது. அதற்குள் விராலிமலைக் கொல்லர் இல்லை. அவர் மகன் வெல்டிங் வைத்து ஒட்டிக் கொடுத்தார். அந்த ஒட்டு கடைசி வரைக்கும் கைக்குத் தட்டுப்படும்.

எங்கள் ஊர் மூவர் கோயிலைப் பார்க்க வருகிறவர்களையும் அந்த வண்டி சுமந்திருக்கிறது. பஸ்ஸிலிருந்து விலக்கில் இறங்கி, வெயிலில் திகைத்து நிற்கும் காலேஜ் மாணவர்களையும், குடையும் நோட்டுப் புத்தகமுமாக வரும் சரித்திர ஆராய்ச்சிக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் விட்டுவிட்டு வருவது அப்பாவுக்கு உற்சாகமான காரியம். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்துவிட்டு, வானதியின் அரண்மனை எங்கே என்று கேட்டு வருகிறவர்கள் ஒரு தனி ரகம். "கல்லுல கட்டுன கோயிலே மூணுல ஒண்ணு போயிருச்சு, அரமனையை எங்கே தேடுறது? உள்ளே ஏறுங்க, இருக்கிறதைப் பாத்துட்டு வரலாம்" என்பார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த வண்டியில்தான். கோடையில் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் இறக்கிவிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் கையின்மேல் தம் கையை வைத்து நெம்புகோலை மேலே வரவிடுவதன் நுட்பத்தைக் காட்டுவார். வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெண்பிள்ளை கார் ஓட்டுவதா என்று கரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கேட்டதற்கு மட்டும், "கால் இல்லாதவன் ஓட்டலாம்னா கை உள்ளவ ஓட்டலாம்" என்று குரல் கொடுத்தார். தம்பிக்கு அந்த நெம்புகோல் கடைசிவரை பிடிபடவில்லை. அவன் கோயமுத்தூரில் வேலைக்குப் போய்ச் சொந்தமாக மாருதி வாங்கி, எல்லாரையும்போல் காலால் ஓட்டப் பழகினான். எனக்கு நேர்மாறான சங்கடம். அவனுடைய வண்டியை ஒரு முறை ஓட்டச் சொன்னபோது, இடது காலை என்ன செய்வதென்று தெரியாமல் மடக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் காற்றைத் துழாவினேன். என் கால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் வண்டிக்குள் ஏறிவிட்டால் அவற்றில் ஒன்று அப்பாவின் காலாகிவிடும்.

2014-ஆம் வருஷத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. அந்த வருஷம் மார்ச் 27-ஆம் தேதி இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் ஒழிந்துவிட்டதென்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. கடைசியாக அந்த நோய் கண்டது 2011 ஜனவரியில், வங்காளத்து ஹௌரா மாவட்டத்தில் ஒரு சிறு பெண் குழந்தைக்கு. சான்றிதழ் வந்து இரண்டு மாதம் கழித்து, மே 24-ஆம் தேதி, ஹௌராவுக்கு அடுத்த ஹூக்ளி மாவட்டத்து உத்தரபாராவில் அம்பாசிடர் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பாவின் ஆயுளில் பெரும்பகுதியை வகுத்துக் கொடுத்தவை அந்த இரண்டுந்தான். இரண்டும் ஒரே கோடையில், ஏறக்குறைய ஒரே திக்கில், முடிவுக்கு வந்தன. முதல் செய்தியை நான் படித்துக் காட்டியபோது, "அந்தப் பொண்ணு இப்போ நடக்குதா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது செய்திக்குத்தான் கலவரப்பட்டார். "ஸ்பேர் பார்ட்ஸுக்கு என்ன செய்றது?" என்று மறுநாளே என்னைத் திருச்சிக்கு அனுப்பி, கிளச் பிளேட் இரண்டும் பிரேக் ரப்பர்களும் வாங்கி வைக்கச் சொன்னார். வாங்கி வைத்த பிளேட்டில் ஒன்று அவர் காலத்துக்குப் பிறகும் பிரிக்காமலேயே பரணில் கிடந்தது.

அவர் போன பின்பு வண்டி என் பெயருக்கு மாறியது. சில காலம் ஓட்டினேன். விராலிமலைக் கார்த்திகைக்கு, மணப்பாறைச் சந்தைக்கு, கல்யாணம் காட்சிக்கு. ஆனால் காலம் மாறிவிட்டது. 108-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. பாம்புக்கடிக்காரன் என் திண்ணைக்கு வருவதில்லை, அது நல்லதுதான். நான்கு வழிச்சாலையில் மற்ற வண்டிகள் பாய்ந்து போகிற வேகத்தில் கொக்கியைத் தேடிக்கொண்டு போவது எனக்கே பயமாக இருந்தது. 2022 ஏப்ரலில் பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. கட்டணம்கூடப் பெரிதில்லை, புதுப்பிக்கும்போதெல்லாம் இந்த நெம்புகோல் என்ன, ஏன் என்று ஒவ்வொரு புது அதிகாரிக்கும் ஆதியிலிருந்து கதை சொல்ல வேண்டும். எனக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. நெம்புகோலை அழுத்தினால் தோள்பட்டை வலிக்கிறது.

விற்பதென்று தீர்மானித்ததும் மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் காயலான் கடைக்காரர். வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை, தூரத்தில் நின்றபடியே எடைக்கு ஒரு விலை சொன்னார். இரண்டாமவர் சினிமாக் கம்பெனிகளுக்குப் பழைய வண்டிகள் சப்ளை செய்கிறவர். வெள்ளை அடித்து, சிவப்பு விளக்கு வைத்து, மந்திரி வண்டியாக்கலாம் என்றார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பி கேமராவுல விழுமேம்மா" என்று உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவதாக வந்தவன் திருச்சிப் பையன். முப்பது வயதுகூட இராது. பழைய கார்களை வாங்கிப் புதுப்பிப்பதில் அபாரமான ஆசை. அவன் பானெட்டைத் திறந்த விதத்திலேயே வண்டியின் அருமை தெரிந்தவன் என்று கண்டுகொண்டேன். முன் கிரில்லின் கட்டங்களைத் தடவிப் பார்த்து அது எந்த வருஷத்து அமைப்பு என்று சொன்னான். முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பிதான் என்பதைக் குனிந்து பாராமலே சொன்னான். பிறகு தன் திட்டத்தை விவரித்தான். டீசல் இன்ஜினை எடுத்துவிட்டுப் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் தேடிப் பிடித்துப் போடுவான். ரெக்ஸினைக் கிழித்துவிட்டுப் பழைய துணி விரிப்பு. பின் ஆசனத்தின் கீல், கூடுதல் பட்டை, கதவின் தோல் வார், எல்லாம் போய்விடும். நெம்புகோலும்தான். "ஃபேக்டரியிலேருந்து இறங்குன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே கொண்டாந்துடுவேம்மா. ஒரிஜினல்!" என்றான். அவன் கண்ணில் இருந்த பிரகாசத்தைப் பார்த்து எனக்கு மறுப்புச் சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் மனம் ஒப்பவும் இல்லை.

அன்று சாயங்காலம் மூவர் கோயில் பக்கம் நடந்து போனேன். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தன் பெயரால் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பெயரால் இரண்டுமாக எழுப்பிய மூன்று விமானங்களில் நடுவில் உள்ளதும் தெற்கே உள்ளதும் நிற்கின்றன. வடக்கே வெறும் அதிஷ்டானந்தான். தொல்பொருள் இலாகாவினர் எத்தனையோ காலமாக அதைப் பராமரித்து வருகிறார்கள். அவர்களிடம் கல்லுக்கும் சிற்பிக்கும் பஞ்சமா? மற்ற இரண்டையும் பார்த்து மூன்றாவதை அச்சாகக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. புல்லைச் செதுக்கி, அடித்தளத்தைச் சுத்தமாக வைத்துவிட்டு, அதற்குமேல் கைவைக்காமல் நிறுத்திக்கொண்டார்கள். காலம் செய்ததையும் சேர்த்து வைத்துக்கொள்வது ஒரு நியாயம். காலத்தைத் துடைத்துவிட்டு முதல் நாளுக்குத் திரும்புவது இன்னொரு நியாயம். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். உத்தரபாராவிலிருந்து இறங்கிய அன்று அந்த வண்டி ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஒன்று. பாலக்கரைப் பட்டறையிலிருந்து வெளியே வந்த அன்றுதான் அது இன்னாருடையது என்று ஆயிற்று. எம்.ஜி.ஆரின் அம்பாசிடரைத் தியாகராய நகரில் அவர் நினைவில்லத்தில் வைத்திருக்கிறார்கள், கோயமுத்தூரில் ஜி.டி. மியூசியத்தார் தேசதேசத்துக் கார்களையெல்லாம் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். கடலைத் தரகரின் வண்டிக்கு அந்தப் பாக்கியமெல்லாம் இல்லை. காயலான் கடைத் தராசா, இந்தப் பையனா என்றால், பையன்தான். அவன் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டேன். நெம்புகோலைக் கழற்றினாலும் எறிந்துவிடாமல் டிக்கியில் ஒரு பையில் போட்டு வை என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "கண்டிப்பாம்மா" என்றான்.

"அதை மட்டும் கழட்டி நாமளே வச்சுக்குவோமேக்கா" என்று தம்பி டெலிபோனில் சொன்னான். கழற்றிவிட்டால் வண்டி வாசலைத் தாண்டாது. கீழே மிதிப்பதற்குப் பெடல் இல்லையே!

வண்டியை எடுத்துப்போக வந்த அன்று இந்த விஷயம்தான் பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. பையன் ஒரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். கெட்டிக்கார டிரைவர்தான். அவர் நெம்புகோலை அழுத்தி, கொக்கியை மாட்டி, கியரைப் போட்டு, கொக்கியை விட்டதும் வண்டி துள்ளி எங்கள் வீட்டு வேப்பமரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மறுபடியும் துள்ளல். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ‘பிளசர்’ முன்னால் நின்று, "மெதுவா விடுங்கண்ணே, உள்ளங்கையில தாங்குங்க" என்று தனக்கே தெரியாத வித்தையைச் சொல்லிக் கொடுத்தான். பையன் தானே உட்கார்ந்து பார்த்தான், அவனுக்கும் வரவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று யோசனை சொன்னார்கள். நான் உள்ளே போய்ப் புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து, "நகருங்க தம்பி" என்றேன்.

வண்டியை விற்றவளே ஓட்டிக்கொண்டு போய், வாங்கியவன் பட்டறையில் விட்டுவிட்டு வரும் விசித்திரம் அப்படித்தான் நேர்ந்தது. பையன் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து, விராலிமலை வரையில் என் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தான். விராலிமலை தாண்டியதும், "நான் ஒரு தடவை பிடிச்சுப் பாக்கவாம்மா?" என்று கேட்டான். கூட்டமில்லாத இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, அவனை உட்கார வைத்து, அவன் கையின்மேல் என் கையை வைத்து மேலே வரவிட்டேன். நான்கைந்து தடவையில் பையனுக்குப் பிடிபட்டுவிட்டது. தம்பிக்கு முப்பது வருஷத்தில் வராதது. அவன் முகத்தில் பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! திருச்சியின் நெரிசல் தொடங்கியதும் மறுபடியும் நான் மாறி உட்கார்ந்து, எடமலைப்பட்டி புதூரில் அவன் பட்டறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். பெயர் மாற்றும் படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். வாடகைக் காரில் அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மத்தியப் பேருந்து நிலையத்துக்கு வந்தேன்.

மதுரை பஸ்ஸில் ஏறி, "கொடும்பாளூர் ஒண்ணு" என்றதும் கண்டக்டர், "அங்கெல்லாம் நிக்காதும்மா, விராலிமலையில இறங்கிக்கங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் பஸ்ஸுக்கும் எங்கள் ஊருக்கும் இப்படி ஒரு பிணக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று விசாரிக்க வேண்டிய அவசியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. விராலிமலையில் இறங்கினால், எனக்குத் தெரிவிக்காமலே ‘பிளசர்’ தன் டி.வி.எஸ். எக்ஸ்எல்லோடு வந்து காத்துக்கொண்டிருந்தான். பின்னால் ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக, "எம்புட்டுக்குப் போச்சு அத்தை?" என்றான். சொன்னேன். வண்டியை நிறுத்தியே விட்டான். அம்பாசிடர் என்கிற வெறும் பெயரையே 2017-இல் பிரெஞ்சுக் கம்பெனிக்காரன் 80 கோடி கொடுத்து வாங்கியிருக்கிறான் என்று எங்கேயோ படித்து வைத்திருக்கிறான். பேரே அவ்வளவு போனால் வண்டி எவ்வளவு போக வேண்டும் என்பது அவன் கணக்கு. "நாலு டயரும் போன வருஷந்தானே மாத்துனது? பேட்டரி புதுசு. பின் சீட்டு கீலு ஒண்ணுக்கே தனியா விலை சொல்லியிருக்கணும். நான் பொறந்த எடம் அது!" என்று விலக்கு வரும் வரையில் என்னை வைதுகொண்டே வந்தான்.